கோணல் வேம்பு

லெட்சுமணன் பக்கம் தலையைக் காட்டாதே, கவாத்துப் பண்ணிவிடுவான் என்று எங்கள் தோட்டத்தில் கேலி செய்வார்கள். கேலியில் பொய் அதிகம் இல்லை. வேலியில் ஒரு செம்பருத்திக் கிளை மட்டும் துருத்திக்கொண்டிருந்தால் அவனால் அதைத் தாண்டிப் போக முடியாது. இடுப்பிலிருந்து பாராங் கத்தி தானாக வெளியே வந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். பாய் கோணலாகக் கிடக்கிறது, பானை சாய்ந்து நிற்கிறது என்று ஓயாமல் நேராக்கிக்கொண்டே இருப்பான். அவன் மனைவி கிருஷ்ணம்மா வாய் சும்மா இருக்குமா? "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப என் மூக்கு கோணல்னு தெரியலையாக்கும்?" என்பாள்.

மூவார் ஆற்றங்கரையில் இருந்த ரப்பர் தோட்டம் அது. எங்கள் பக்கம் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, இரண்டும் ஒன்றாக வந்து உயிரை வாங்குவதும் உண்டு. ஆனால் மாசி மாதம் வந்தால் பால்மரங்கள் இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். நிரை நிரையாக வெறும் குச்சிகள்தான் தெரியும். பால் வற்றிவிடும், பாலுக்காகப் பட்டை கீறும் வெட்டும் குறைந்துவிடும். பெரிய துரைக்கு அதைப் பார்த்தால் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிடுமாம். அந்த மாதம் மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு, வியர்வை ஒழுக ஒழுக, நிரைகளுக்கு நடுவே உலாத்துவார்.

மற்றவர்களுக்கு வேலை இளைத்துப்போகும் அந்த மாதம்தான் லெட்சுமணனுக்குக் கொண்டாட்டம். மரத்தில் இலை இல்லாதபோதுதான் காய்ந்த கொப்பு எது, உயிருள்ள கொப்பு எது என்று கண்ணுக்குத் தெரியும். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பான். உள்ளே பச்சை இருந்தால் விட்டுவிடுவான். இல்லையென்றால் ரம்பத்தைப் போட்டு அடியோடு ஒட்ட அறுத்து, அறுத்த வாயில் தார் பூசுவான். அறுத்ததை அன்றைக்கே கொளுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் அடுத்த மரத்துக்குப் போய்விடும் என்பது துரையின் கண்டிப்பான உத்தரவு. லெட்சுமணன் அதில் ஒருநாளும் தவறியது இல்லை. நல்ல வேலைக்காரன். அதை நான் மறுக்கவில்லை.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். கோயில் என்றால் ஒரு கல், ஒரு சூலம், மேலே தகரக் கூரை. பக்கத்தில் ஒரு வேப்பமரம். பூசாரி ஐயாசாமி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது வேட்டி முனையில் முடிந்து கொண்டுவந்த கொட்டைகளில் முளைத்தது அது ஒன்றுதான். நம் ஊர்க் கரிசலில் தன் பாட்டுக்கு வளரும் வேம்புக்கு இந்தச் சதசதத்த மண் பிடிக்குமா? ஐயாசாமி சாம்பலும் மணலும் கொட்டிக் கொட்டிக் காப்பாற்றி வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் வேறு வேப்பமரம் கிடையாது. ஒரு பக்கம் பால்மர நிழல் மறைத்ததால் அந்த மரம் வெயிலைத் தேடி மறுபக்கமே சாய்ந்து வளர்ந்திருந்தது. கிளை, தழை எல்லாம் ஒரே பக்கம். இன்னொரு பக்கம் மொட்டை.

கோணல். இது லெட்சுமணன் கண்ணை எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மாசியில், கொசு பெருகிவிட்டது, லயத்தைச் சுற்றி இருக்கும் புதரையெல்லாம் வெட்டிவிடு என்று துரை சொன்னார். புதரை மட்டும்தான் சொன்னார். லெட்சுமணன் காலையிலிருந்து வெட்டிக்கொண்டே வந்து கோயில் பக்கம் போய்ச் சேர்ந்தான். பங்குனித் திருவிழாவுக்குச் சாமான் வாங்க ஐயாசாமி படகில் மூவாருக்குப் போயிருந்தார். தடுக்க ஆள் இல்லை.

ஒரே ஒரு கிளையைத்தான் எடுக்க நினைத்தான், பாவி. அதை எடுத்ததும் அதற்கு மேலே இருந்தது நீளமாகத் தெரிந்தது. அதையும் எடுத்தான். இப்போது அதற்குப் பக்கத்தில் இருந்தது தூக்கலாகப் பட்டது. கத்துக்குட்டி நாவிதனிடம் தலையைக் கொடுத்த மாதிரி அந்த மரம் குறைந்துகொண்டே போய், கடைசியில் அடிமரமும் சில முண்டுகளும் மிச்சம். நேராகத்தான் நின்றது. மரம் முழுக்க மொட்டையடித்தாலும் மாசியில் ஒன்றும் ஆகாது, திருவிழாவுக்குள் தளதளவென்று துளிர்த்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பால்மரம் தூங்குகிற மாதத்தில் எல்லா மரமும் தூங்கும் என்று அவனுக்கு நினைப்பு. பிறகு, கைப்பழக்கம், வெட்டிப்போட்ட வேப்பந்தழை அத்தனையையும் புதரோடு சேர்த்துக் கொளுத்திவிட்டான். ஒரு கொத்துகூட மிச்சம் வைக்கவில்லை. கசந்த புகை லயம் முழுக்கப் பரவியது.

ஐயாசாமி திரும்பி வந்து மரத்தைப் பார்த்ததும் தலையில் இருந்த மூட்டையை அப்படியே கீழே போட்டார்.

"எவன்டா அம்மா மரத்துல கை வச்சவன்?"

சனங்கள் கூடிவிட்டார்கள். அத்தனை முகங்களையும் பார்த்ததும் லெட்சுமணனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் அந்த நாக்கு சொன்னது: "துரைதாங்க வெட்டச் சொன்னாரு. நான் என்ன பண்றது?"

அவ்வளவுதான். கூட்டம் வாயை மூடிக்கொண்டது. துரையிடம் போய்க் கேட்கிறவர் யார்? தோட்டத்தில் எந்தப் பழியையும் ஏற்றி வைக்கத் தோதான இடம் அந்த பங்களா ஒன்றுதான். அங்கே ஏறினது இறங்கி வராது. ஐயாசாமி மண்ணை வாரி பங்களா இருக்கும் திசையில் தூற்றிவிட்டுப் போனார். லெட்சுமணன் தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்தான். அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே கிருஷ்ணம்மா கேட்டாள்: "துரை எப்ப சொன்னாரு? காலையில புதரைத்தானே வெட்டச் சொன்னாருன்னீங்க?" அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

பங்குனி பிறப்பதற்கு முன்பே லயத்தில் அம்மை கண்டது. முதலில் கடைக்கோடி வீட்டில், அடுத்து ராஜம்மா வீட்டில்.

ராஜம்மா பால்மரம் வெட்டுகிறவள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, புஷ்பவள்ளி என்ற ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு இருந்தாள். பேசத் தொடங்கி அதிக நாள் ஆகாத குழந்தை. உடம்பெல்லாம் முத்து. அம்மை கண்ட வீட்டுக்கு வேப்பிலை எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் செருக வேண்டும், படுக்கையில் பரப்ப வேண்டும், அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதெல்லாம் இருக்கட்டும். நமைச்சல் எடுக்கும்போது கொத்தால் மெல்ல வருடிக்கொடுக்க வேண்டுமே! அது இல்லாவிட்டால் குழந்தை நகத்தால் பிறாண்டிவிடும். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வந்து எதையோ தடவினார், கையைக் கட்டி வையுங்கள் என்றார். ராஜம்மா தன் சேலையைக் கிழித்துக் கட்டினாள். செம்பருத்தித் தழையால் தடவிப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் தடவிப் பார்த்தாள். குழந்தை போட்ட கூச்சல் லயம் முழுக்கக் கேட்டது. லெட்சுமணன் வீட்டுக்கு இன்னும் நன்றாகக் கேட்டது. அடுத்த வீடு.

விடிந்ததும் அவன் முதல் படகில் மூவாருக்குப் போனான். ஆற்று முகத்தில் ருக்னுதீன் ராவுத்தர் கடை. கடைக்குப் பின்னால் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த வேம்பு ஒன்று நிற்பதாக ஐயாசாமி எப்போதோ சொல்லியிருந்தார். ருக்னுதீன் சங்கதி எல்லாம் கேட்டுவிட்டு, அவன் இடுப்பைப் பார்த்தார்.

"உங்க தோட்டத்து மரத்த வெட்டுனது நீங்கதானா தம்பி? அந்தக் கத்திய இங்கே வச்சுட்டு உள்ளே போங்க. கையால ஒடிச்சுக்கிட்டு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க. அல்லா புள்ளைக்கு சுகத்தக் குடுப்பான்."

கத்தியை வாசலில் வைத்துவிட்டு, சாக்கு நிறையக் கையால் ஒடித்து எடுத்துக்கொண்டு, கடலேற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் உயரும்வரை துறையில் தவித்துக் காத்திருந்து, மறுநாள்தான் திரும்ப முடிந்தது. அதற்குள் புஷ்பவள்ளி கட்டை அவிழ்த்துக்கொண்டு இடது கண்ணைப் பிறாண்டிவிட்டிருந்தாள். அந்தக் கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. திரும்பத் தெளியவே இல்லை.

ராஜம்மா சாக்கை வாங்கிக்கொண்டு அழுதாள். "இத்தனை பேர்ல உங்களுக்குத்தாண்ணே இரக்கம் வந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும். மரத்த வெட்டச் சொன்ன அந்தத் துரைக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சு போகணும்."

லெட்சுமணன் வாசல்படியில் நின்றான். இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவன் கொண்டுவந்த இலையில்தான் புஷ்பவள்ளிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். உயிர் தப்பியதே அம்மா புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். பங்குனி பிறந்தது. மொட்டை வேம்பு, அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரியே, முண்டு முண்டாகத் துளிர்த்துத் தளதளவென்று நின்றது. செம்பு நிறத் தளிர். நாலா பக்கமும் ஒரே அளவு. அதுவரை அந்த மரம் அவ்வளவு அழகாக இருந்ததே இல்லை. திருவிழா அன்று எல்லோரும் பொங்கல் வைக்க, லெட்சுமணன் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் அந்தக் கோயில் பக்கமே போகவில்லை. பால்மரத்துக் கொப்பை வெட்டினான், பங்களா வேலியை வெட்டினான், வேம்பு நிற்கும் திசையைப் பார்க்காமல் இருக்க லயத்தைச் சுற்றிக்கொண்டு போனான். ராஜம்மா வீட்டுக்கு விறகு பிளந்து போட்டான். கூரை ஒழுகினால் ஏறி அடைத்தான். எல்லாம் பிராயச்சித்தம் என்று அவன் நினைப்பு. அவளுக்கோ அது உடன்பிறவாத அண்ணன் செய்கிற உதவி. செய்யச் செய்ய அவன் கடன் குறையவில்லை, அவள் நன்றிதான் கூடிக்கொண்டு போனது. புஷ்பவள்ளி வளர்ந்து, "லெட்சுமண மாமா" என்று ஓடி வந்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து நல்ல கண்ணால் அவனைப் பார்ப்பாள். அவள் தலை கோணலாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் குனிந்து விறகை அடுக்க ஆரம்பித்துவிடுவான். அந்தத் தலையை எந்தக் கத்தியால் நேராக்குவது?

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை கிளம்பிப் போயிருக்கிறான். போனால், "வாங்கண்ணே, காப்பி குடிங்க" என்பாள் ராஜம்மா. காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவான்.

வீட்டில் கிருஷ்ணம்மா விடவில்லை. அவள் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை, ஆனால் அவனைச் சும்மா விடவும் இல்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அவன் முகம் சுளித்தால், "துரைதான் போடச் சொன்னாரு" என்பாள். வேட்டி கிழிந்திருக்கிறதே என்றால், "துரைதான் கிழிக்கச் சொன்னாரு." பக்கத்து வீட்டுக்காரர்கள் அது ஏதோ புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பார்கள். லெட்சுமணன் கையைக் கழுவிவிட்டு எழுந்து போவான்.

அந்தத் துரைக்கும் கடைசியில் காய்ச்சல் கண்டது. எலும்பும் தோலுமாகிக் கப்பல் ஏறப் புறப்பட்டார். அம்மா சும்மா விடுவாளா என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் கிளம்புகிற அன்று லெட்சுமணன் படகுத்துறைக்குப் போனான். பங்களா வேலியை இத்தனை வருஷம் ஒழுங்காக வெட்டியதற்காகத் துரை தன் சொந்தக் கத்தரியை, சீமையிலிருந்து வந்த நல்ல எஃகுக் கத்தரியை, அவன் கையில் கொடுத்துக் குலுக்கினார். லெட்சுமணன் கேவிக் கேவி அழுதுவிட்டான். விசுவாசமுள்ள ஆள் என்று துரைக்கும் கண் கலங்கியதாம். ஒரு பாவமும் அறியாத மனுஷர். தோட்டத்துச் சாபம் முழுவதையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

புதுத் துரை வந்தார். வருஷங்கள் போயின. வேம்பில் யாரும் கை வைக்கவில்லை. அது பழையபடி வெயில் பக்கமே சாய்ந்து பெருத்து, தடித்த கிளை ஒன்று கோயில் கூரைத் தகரத்தின்மேல் படுத்துக்கொண்டது. காற்றடித்தால் தகரம் கிறீச்சிடும். ஒரு மாசிக் காலையில், எல்லோரும் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கும்போது, புதுத் துரை அந்த மரத்தைக் காட்டி ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி சத்தமாகச் சொன்னார்: "லெட்சுமணா, கோயில் வேம்பைக் கவாத்துப் பண்ணணுமாம். கிளை முறிஞ்சா கூரை போயிடும்னு துரை சொல்றாரு."

நியாயமான பேச்சுதான். ஆனால் ராஜம்மா கையிலிருந்த பால் வாளியைத் தரையில் வைத்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தானே ஒரு துரை சொன்னான்? எம் புள்ள கண்ணு போச்சு. இன்னைக்கு யார் வீட்டுப் புள்ள கண்ணு வேணுமாம் இவனுக்கு? நானே போய்க் கேக்கறேன்!"

கேட்கிறேன் என்று நிற்கவில்லை. நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். துரை ஆபீஸ் படியில்தான் நின்றுகொண்டிருந்தார். துரை முகத்துக்கு நேரே கை நீட்டிப் பேசினவர்களுக்கு அன்று மாலையே லயத்தில் இடம் இருக்காது, அது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஒற்றைக் கண் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ராஜம்மா எங்கே போவாள்? புஷ்பவள்ளி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். ராஜம்மா உதறிவிட்டு நடந்தாள். கூட்டத்தில் கிருஷ்ணம்மா திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள்.

லெட்சுமணன் ஓடிப்போய் ராஜம்மாவுக்கு முன்னால் நின்றான்.

"போவாத தாயி. அன்னைக்குத் துரை சொல்லல."

"என்னண்ணே?"

"அந்தத் துரை புதரைத்தான் வெட்டச் சொன்னாரு. மரத்த நான்தான் வெட்டுனேன். யாரும் சொல்லல. இலையையும் நான்தான் எரிச்சேன். பயந்துகிட்டு அவரு மேல போட்டுட்டேன்."

என்ன நடக்கிறது என்று துரை கேட்க, மரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் ஐயா என்று கிராணி சமாளித்தார். அவள் அறைவாள், காறித் துப்புவாள் என்று லெட்சுமணன் எதிர்பார்த்தான். அவ்வளவு வருஷமாக அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தான் என்றுகூடச் சொல்லலாம். ராஜம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எதுக்குண்ணே வெட்டுனீங்க?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு காரணம், பெரிதாக ஒரு காரணம் இருந்தால் தேவலை என்று தேடினான். இல்லை.

"கோணலா இருந்துச்சு," என்றான்.

ராஜம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். புஷ்பவள்ளி வழக்கம்போல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் போய்த் தன் வாளியை எடுத்துக்கொண்டாள்.

"கூரை மேல கெடக்கற பக்கத்த மட்டும் வெட்டு. மீதிய விட்டுடு. அடுத்த மாசிக்கு இந்தப் பக்கம், அதுக்கு அடுத்த மாசிக்கு அந்தப் பக்கம். எப்பவும் பாதி மரத்துல எல இருக்கணும். வெட்டுனத எரிக்காம வீட்டு வீட்டுக்குக் குடுத்துட்டு வா." அண்ணன் என்ற பேச்சு அதில் இல்லை. நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "கோணலாவே இருக்கட்டும்."

அன்றைக்கு லெட்சுமணன் துரை கொடுத்த கத்தரியையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு வேம்பில் ஏறினான். ஒரு பக்கத்தை மட்டும் வெட்டினான். இறங்கி நின்று பார்த்தபோது மரம் முன்னைவிட விகாரமாக நின்றது. பாதி மொட்டை, பாதி காடு. கை துறுதுறுத்திருக்கும், எனக்குத் தெரியும். கத்தரியைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, தழையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போனான். கடைசியில் ராஜம்மா வாசல். அவள் உள்ளே இருந்து வரவில்லை. புஷ்பவள்ளி வந்து கொத்தை வாங்கி நிலையில் செருகிக்கொண்டாள்.

ராஜம்மா அவனைக் காப்பிக்குக் கூப்பிடுவது அதோடு நின்றது. திரும்ப ஒருநாளும் கூப்பிடவில்லை. விறகு பிளந்து போடப் போனால், "வேண்டாம், நாங்களே பாத்துக்கறோம்" என்றாள். கிருஷ்ணம்மாவும் அதற்குப் பிறகு துரை பேச்சை எடுக்கவே இல்லை. குழம்பில் உப்புக் கூடினால் சும்மா கொஞ்சம் தண்ணீர் விட்டாள். மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று சனங்கள் பேசுகிறார்களே, லெட்சுமணனுக்கு அப்படி ஒன்றும் இறங்கவில்லை. என்ன, ஒளிந்துகொண்டு சுற்றுவழியில் போக வேண்டிய அவசியம் மட்டும் இல்லாமல் போனது. கோயில் வழியாகவே வேலைக்குப் போனான். போகும்போதெல்லாம் அந்த மரத்தை நின்று பார்த்தான்.

மாசி வந்தால் பால்மரம் எல்லாம் இலை கொட்டி நிற்க, வேம்பு மட்டும் ஒரு பக்கம் பச்சையாக நிற்கும். அவன் ஏணி வைத்து ஏறி, சொன்ன பக்கத்தை மட்டும் வெட்டி, தழையை வீட்டுக்கு வீடு கொடுப்பான். பங்களா வேலியை நூல் பிடித்த மாதிரி வெட்டுகிற ஆள், கோயில் மரத்தை ஏன் இப்படி அலங்கோலமாக விட்டுவைக்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். அவன் ஒரு கொத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவான். சாகும்வரை அந்த மரத்தை அவன் நேராக்கவில்லை.